மூக்கு ஒழுகினால் வேலைக்கு வரலாமா? – வேலூர் மெஸ் ஒன்றிலிருந்து ஒரு கேள்வி

மெஸ்காரர்
7 ஜனவரி 2022, இரவு 11.05

சி.எம்.சி.க்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் சின்ன மெஸ் நடத்துகிறேன். சாப்பிட வருபவர்களில் முக்கால்வாசி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்தான். வங்காளம், ஜார்க்கண்ட், திரிபுரா என்று எங்கிருந்தோ வந்து, காந்தி ரோடு, பாபுராவ் தெரு லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கி, மூன்று வேளையும் நம்மிடம் சாப்பிடுகிறார்கள். மாஸ்டர், சப்ளையர், இலை எடுப்பவர், பாத்திரம் தேய்க்கும் அம்மா என்று எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

மார்கழி வந்தாலே இவர்களில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும். கேட்டால், “பனிதான் அண்ணா, வெயில் ஏறினால் சரியாகிவிடும்” என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். இப்போது வந்திருக்கும் ஒமிக்ரானும் சளி மாதிரியேதான் வருகிறது என்கிறார்கள். நேற்றிலிருந்து இரவு ஊரடங்கு, நாளை மறுநாள் ஞாயிறு முழு ஊரடங்கு. வாசலில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி வாங்கி வைத்திருக்கிறேன். அதில் எல்லோரும் பாஸ்.

யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது? தும்முகிற ஒவ்வொருவரையும் அனுப்பினால் இட்லி ஊற்ற நான் மட்டும்தான் மிஞ்சுவேன். “டாக்டரைப் பாருங்கள்” என்று மட்டும் பதில் போடாதீர்கள். விடிகாலை நாலரைக்கு ஷட்டரைத் தூக்கும்போது நான் முடிவெடுத்தாக வேண்டும். மாஸ்டருக்கும் புரிகிற மாதிரி ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

காட்பாடி பாசஞ்சர்
7 ஜனவரி 2022, இரவு 11.31

மார்கழியில் மூக்கு ஒழுகாதவன் வேலூர்க்காரனே இல்லை தலைவா. இதற்கு லீவு என்றால் கலெக்டர் ஆபீஸ் முதல் கிரீன் சர்க்கிள் டிராஃபிக் போலீஸ் வரை ஊரே லீவுதான். ஊசி இரண்டும் போட்டாயிற்று, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலில் ஆந்திரா பார்டரில் ரோட்டுக்குக் குறுக்கே சுவரே கட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? கட்டின வேகத்திலேயே இடிக்கவும் செய்தார்கள். கொரோனா எப்படியும் வந்து சேர்ந்தது.

வார்டு சிஸ்டர்
8 ஜனவரி 2022, காலை 6.20

நைட் டூட்டி முடித்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, ஆளைப் பார்த்து இது சாதாச் சளியா கொரோனாவா என்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. டெல்டா காலத்தில் வாசனை தெரியாமல் போவது ஓர் அடையாளமாக இருந்தது. இப்போது அது குறைவு. தொண்டை வலி, மூக்கடைப்பு, தலைவலி, அசதி, இவ்வளவுதான். அதனால் நாலரை மணிக்கு “இது கொரோனாவா?” என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். “இது உனக்கு வழக்கமாக வருவதா, புதிதா?” என்று கேளுங்கள்.

பனி ஒத்துக்கொள்ளாதவரை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். வருடா வருடம் இதே மாதம் அவருக்கு வரும். காலையில் அடுக்கடுக்காகத் தும்முவார், மூக்கும் கண்ணும் அரிக்கும், தண்ணீராக ஒழுகும், பத்து மணிக்கு மேல் ஒன்றும் இருக்காது. காய்ச்சல் கிடையாது, உடம்பு வலி கிடையாது, எச்சில் விழுங்கினால் தொண்டை வலிக்காது. இவர் மாஸ்க்கோடு வரலாம். நேற்று வரை இல்லாத தொண்டைக் கரகரப்பு, குளிர் நடுக்கம், உடம்பு முறுக்கு, வீட்டில் இன்னொருவருக்கும் அதே மாதிரி என்று எதைச் சொன்னாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். சந்தேகமாக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இதில் ரொம்ப நாளாகவே ஆதங்கம். நாம் லீவு எடுக்கிற நாளே தப்பு. தொண்டை லேசாகக் கரகரக்கும் அன்று வேலைக்கு வருகிறோம், மறுநாளும் வருகிறோம். எழுந்திருக்க முடியாத நிலை வந்தால்தான் படுக்கிறோம். கிருமியோ, அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கி, தெரிந்த முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் அதிகமாகப் பரவுகிறது. அதாவது நமக்கு லேசாக இருக்கிற நாள்தான் அடுத்தவருக்கு ஆபத்தான நாள். எல்லாம் முடிந்து வறட்டு இருமல் மட்டும் வாரக்கணக்கில் இழுக்கும். அந்த ஆளைப் பார்த்துத்தான் பஸ்ஸில் எல்லோரும் தள்ளி உட்காருகிறார்கள். அவரால் பரவுவது குறைவு.

துப்பாக்கியை நம்பாதீர்கள். இதில் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வந்தாலும் ஒரு பாராசிட்டமால் போட்டால் நாலைந்து மணி நேரத்துக்கு இறங்கிவிடும்.

ஷூ கம்பெனி லைன்
8 ஜனவரி 2022, காலை 8.02

சிஸ்டர் கடைசியில் சொன்னது எங்கள் கேட்டில் தினமும் நடக்கிறது. ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன், பெயர் வேண்டாம். ஸ்டிச்சிங் லைனில் எல்லோரும் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறும் முன்பே டோலோ போட்டுக்கொண்டு வருகிறார்கள். கேட்டில் துப்பாக்கி பச்சை காட்டும். பதினோரு மணிக்கு மேல் மெஷினிலேயே தலை சாய்ந்துவிடும்.

ஏன் வருகிறார்கள் என்று கேட்காமல் அவர்களைத் திட்டிப் பயனில்லை. மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டாலும் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். ஈஎஸ்ஐ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பிடித்தம் உண்டு. சந்தா நாட்கள் கணக்குச் சரியாக இருந்து, டிஸ்பென்சரி டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் நோய்க்காலப் பணமாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய சுகவீனம் முடிந்து 15 நாளுக்குள் திரும்ப விழுந்தால்தான் அந்த இரண்டு நாளுக்கும் உண்டு.

இப்போது சிஸ்டர் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். எந்த நாளில் வீட்டில் இருக்க வேண்டும் என்கிறாரோ, அந்த நாளுக்குத்தான் காசு இல்லை. சட்டத்தைக் குறை சொல்லவில்லை, ஒரு நாள் தலைவலிக்கெல்லாம் பணம் கேட்பார்கள் என்று எழுதியிருப்பார்கள். தொற்றுக் காலத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பஸ்ஸைப் பற்றியும் ஒரு வரி. பனிக்குப் பயந்து ஜன்னல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வருகிறார்கள். நான் ஏறினால் இரண்டு ஜன்னலைத் திறந்து வைப்பேன். அக்காமார்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

மெஸ்காரர்
8 ஜனவரி 2022, காலை 11.40

சிஸ்டர், “வழக்கமா, புதிதா” என்பது மாஸ்டருக்கும் புரிந்துவிட்டது. இன்று காலையே கேட்டேன். ஒரு சப்ளையர் தம்பிக்கு நேற்று ராத்திரியிலிருந்து தொண்டை வலியாம், கேட்கிற வரை சொல்லவே இல்லை. அனுப்பிவிட்டேன்.

கஷ்டம் அதற்கு அப்புறம்தான். “இன்றைக்குக் கூலி?” என்று நின்றான். கொடுத்தால் நாளைக்கு எட்டுப் பேருக்கும் தொண்டை கரகரக்கும். கொடுக்காவிட்டால் அடுத்த தடவை எவனும் வாயைத் திறக்க மாட்டான்.

நேதாஜி மார்க்கெட் ஜவுளி
8 ஜனவரி 2022, பகல் 2.15

எங்கள் மாதிரிக் கடைகளுக்கு 1947-ம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலேயே வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மார்க்கெட்டில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஓட்டல்களுக்கு 1958-ல் வந்த தனிச் சட்டம். உங்களுக்கு என்ன வரும் என்று லேபர் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் கிடக்கட்டும். எல்லோருக்கும் தொண்டை கரகரக்கும் என்ற பயம் எனக்கும் இருந்தது. நான் பார்த்த வரையில் பொய் சொல்கிறவன் எப்படியும் பாட்டி செத்துவிட்டாள் என்று லீவு எடுப்பான், அவனுக்குக் கொரோனா தேவையில்லை. மற்றவர்களுக்குக் கல்லாவில் நிற்பதே கௌரவம், வீட்டில் உட்கார் என்றால்தான் முகம் சுருங்குகிறது. முதல் இரண்டு நாளுக்கு முழுக் கூலி, அதற்கு மேல் டாக்டர் சீட்டோ டெஸ்ட் ரிசல்ட்டோ கொண்டு வா என்று வைத்திருக்கிறேன். கடை திவாலாகவில்லை.

காட்பாடி பாசஞ்சர்
8 ஜனவரி 2022, மாலை 5.50

ஒரு மூக்கு ஒழுகலுக்கு இவ்வளவு சட்டமா! ஒமிக்ரான் லேசானது என்று டிவியில் காலை முதல் ராத்திரி வரை சொல்கிறார்கள். வந்துவிட்டுப் போகட்டுமே, எதிர்ப்புச் சக்தியாவது மிஞ்சும். அடுத்த வாரம் மாட்டுப் பொங்கலுக்குத் தெரு அடைத்துக் கூடப்போகிறோம், மெஸ்ஸில் ஒருவன் தும்மினால்தான் ஊர் கெட்டுப்போகுமா?

லாட்ஜில் இருக்கும் அப்பா
8 ஜனவரி 2022, இரவு 8.37

தருமபுரியிலிருந்து வந்து இங்கே ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறேன். மகனுக்கு ஒன்பது வயது. ரத்தம் ஊறாத வியாதி, போன் மேரோ மாற்றியிருக்கிறார்கள். தினமும் ஓ.பி.க்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்க வேண்டும்.

அவனுக்குப் போட்ட ஊசிகள் எல்லாம், பிறந்ததிலிருந்து போட்டவை எல்லாமே, மாற்று சிகிச்சையோடு போனது போலத்தான், முதலிலிருந்து திரும்பப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கொரோனா ஊசி 3-ந் தேதியிலிருந்து 15 வயதுக்கு மேல்தான் போடுகிறார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரைக்கூடத் தொடாமல் நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். எங்கள் மாடியிலேயே கிட்னி மாற்றியவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமாம். இவர்களுக்கு ஊசி போட்டாலும் முழுதாகப் பிடிக்காது என்கிறார்கள்.

லேசானது என்றால் யாருக்கு லேசு என்று கேட்டுச் சொல்லுங்கள் தம்பி. கோபத்தில் கேட்கவில்லை.

காட்பாடி பாசஞ்சர்
8 ஜனவரி 2022, இரவு 9.10

சார், உங்கள் பையன் நல்லபடியாக வரவேண்டும். நான் சொன்னது என்னை மாதிரி ஆட்களுக்கு. ஆனால் ஒன்று கேட்கிறேன், அப்படிப்பட்டவர்கள் வெளியே சாப்பிடாமல் இருந்தால் போதாதா? ஊர் முழுக்கக் கதவைச் சாத்த முடியுமா?

லாட்ஜில் இருக்கும் அப்பா
8 ஜனவரி 2022, இரவு 9.42

அவனுக்கு அறையிலேயே குக்கரில் பொங்கித்தான் கொடுக்கிறோம். மெஸ் சாப்பாடு எனக்குத்தான். நான் வாங்கிக்கொண்டு போகும் சாம்பாரில் வராது, சாம்பார் ஊற்றுகிறவரோடு நான் நின்று பேசுகிற அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் வரும். அப்புறம் அதே அறைக்குள் நான்தான் போகிறேன். ஊரைச் சாத்தச் சொல்லவில்லை. இந்த நாலு தெருவில் வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

வார்டு சிஸ்டர்
8 ஜனவரி 2022, இரவு 10.05

அப்பா சொன்னதுதான் என் கணக்கில் விட்டுப்போன பாதி. ஒரே தொண்டைக் கரகரப்பு, வயலில் தனியாகக் களை எடுக்கிறவருக்கு ஒரு மாதிரி, சி.எம்.சி. தெருவில் இலை போடுகிறவருக்கு வேறு மாதிரி. 1971-லிருந்து இங்கே கிட்னி மாற்றுகிறார்கள். வேலூரில் எந்த ஆட்டோவில், எந்த ஜெராக்ஸ் கடை வரிசையில் அப்படி ஒருவர் நிற்கிறார் என்று நமக்குத் தெரியாது. காட்பாடி அண்ணன் ஸ்டேஷனில் தினமும் எத்தனை பேரை மாஸ்க்கும் ஃபைலுமாகப் பார்ப்பார், அவருக்கே தெரியும்.

பேரணாம்பட்டு பாய்
9 ஜனவரி 2022, காலை 10.20

இன்று முழு ஊரடங்கு, அதனால் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் இரு, வீட்டில் இரு என்கிறீர்கள். எங்கள் பக்கம் வீடுதான் வேலை செய்யும் இடம். அம்மா, தங்கச்சி எல்லோரும் பீடி சுற்றுகிறார்கள், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சளி வந்தாலும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அதே கூடத்தில்தான். குடியாத்தம் பக்கம் தறி போடுகிறவர்களுக்கும் இதே கதை. ஒரு கூடம், ஒரு சமையலறை, எட்டுப் பேர். தனி அறை, தனி பாத்ரூம் என்று டிவியில் சொல்வது யார் வீட்டில்?

எங்கள் நன்னிக்கு, அதாவது பாட்டிக்கு, சர்க்கரை. அவர்களை எங்கே வைப்பது?

வார்டு சிஸ்டர்
9 ஜனவரி 2022, பகல் 12.50

பாய், சளி பிடித்தவரைத் தனியாக வைக்க இடமில்லை என்றால் நன்னியைத் தனியாக வையுங்கள். எட்டுப் பேரில் ஒருவரைக் காப்பது எளிது. காற்றோட்டமான மூலை அவர்களுக்கு, சாப்பாடு கொண்டு போகிறவர் ஒரே ஆள், அவரும் மாஸ்க்கோடு. பகலில் சளிக்காரர் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து சுற்றட்டும், இந்த வெயில் நல்லதுதான். கூடத்தில் ஜன்னலும் பின்கதவும் திறந்தே இருக்கட்டும். பீடித்தூளுக்காக ஃபேனை நிறுத்துவீர்கள் என்று தெரியும், அதனால் கதவாவது.

நன்னிக்கு அறுபது தாண்டி, இரண்டாம் ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தால், நாளை 10-ந் தேதியிலிருந்து முன்னெச்சரிக்கை ஊசி தொடங்குகிறது. சர்க்கரை இருப்பதால் அவர்களுக்கு உண்டு.

மூலிகை நேசன்
9 ஜனவரி 2022, பகல் 1.15

இவ்வளவு பேர் பேசியும் கபசுரக் குடிநீர் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரசாங்கமே தெருத்தெருவாகக் கொடுத்தது. காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஆவி, எந்தக் கிருமியும் அண்டாது. வேலைக்கும் போகலாம்.

நெறியாளர்
9 ஜனவரி 2022, பகல் 1.30

குடிநீர் குடிக்கிறவர்கள் குடியுங்கள். குடித்துவிட்டால் அடுத்தவருக்குப் பரவாது என்று இங்கே எழுத வேண்டாம். ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்காதீர்கள். இது பற்றிய அடுத்த பதினோரு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றிவிட்டேன்.

ஷூ கம்பெனி லைன்
9 ஜனவரி 2022, மாலை 4.05

சிஸ்டர், மெடிக்கலில் வீட்டிலேயே பார்க்கும் கிட் 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூக்கில் விட்டு எடுத்து, பதினைந்து நிமிடத்தில் கோடு தெரியும். ஒரு கோடுதான் வந்தது என்றால் வேலைக்கு வரலாம் அல்லவா? லைனில் மூன்று பேர் அப்படித்தான் வந்து நிற்கிறார்கள்.

வார்டு சிஸ்டர்
9 ஜனவரி 2022, மாலை 6.30

இரண்டு கோடு வந்தால் நம்புங்கள், கொரோனாதான். ஒரு கோடு வந்தால் அவ்வளவு நம்பாதீர்கள், அதுவும் அறிகுறி தொடங்கிய முதல் நாளில். கிருமி கொஞ்சமாக இருக்கும்போது கிட்டுக்குத் தெரியாது. அறிகுறி இருந்தும் கிட்டில் ஒரு கோடுதான் வந்தால் ஆர்டிபிசிஆர் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. அது முடியாவிட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னொரு கிட் போடுங்கள், அதுவரை வீட்டில். லைனில் நிற்கும் மூன்று பேருக்கும் தொண்டை வலி இருந்தால் அந்த ஒரு கோடு அனுமதிச் சீட்டு ஆகாது.

எப்போது திரும்பலாம் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். லேசான கொரோனா என்றால், இந்த 5-ந் தேதி மத்திய அரசு சொன்னபடி, பாசிட்டிவ் என்று தெரிந்து குறைந்தது 7 நாள், அதில் கடைசி மூன்று நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வெளியே வரலாம், மாஸ்க்கோடு. திரும்ப டெஸ்ட் தேவையில்லை. முதலாளிகள் தயவுசெய்து நெகட்டிவ் சர்டிபிகேட் கேட்டு அவர்களை லேபுக்கு விரட்டாதீர்கள், செத்த கிருமியே வாரக்கணக்கில் ஆர்டிபிசிஆரில் தெரியும். காய்ச்சல் இல்லை என்றால் மாத்திரை போடாமல் இல்லை என்று அர்த்தம்.

வீட்டில் இருக்கச் சொல்வது சும்மா படுத்துக் கிடப்பதற்கு இல்லை. மூன்று நாளுக்கு மேல் 100 டிகிரியைத் தாண்டிய காய்ச்சல், மூச்சு வாங்குவது, நெஞ்சில் விடாத அழுத்தம், பேச்சு குழறுவது, விரலில் மாட்டும் மீட்டரில் 93 அல்லது அதற்குக் கீழ் திரும்பத் திரும்பக் காட்டுவது, இதில் எது வந்தாலும் வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். இரண்டாவது அலையில், “சளிதானே” என்று வீட்டிலேயே வைத்திருந்து கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மெஸ்காரர்
10 ஜனவரி 2022, இரவு 10.50

இன்று மத்தியானம் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். முடிவு இப்படி.

ஷட்டர் திறக்கும் முன் வாசலிலேயே கேள்வி: வழக்கமா, புதிதா, மாத்திரை ஏதாவது போட்டாயா? புதிது என்றால் அங்கிருந்தே திரும்ப வேண்டும், உள்ளே வந்து டீ குடித்துவிட்டுக்கூட இல்லை. முதல் இரண்டு நாள் முழுக் கூலி. ஷூ கம்பெனி அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து அந்த இரண்டு நாள்தான் மனசில் உறுத்தியது. அதற்கு மேல் கிட்டில் இரண்டு கோடு வந்தால் அரைக் கூலி, கிட் என் செலவு. முழுதாகக் கொடுக்க எனக்குக் கட்டாது, ஞாயிறுகளும் போய்விட்டன.

பனித் தும்மல்காரர்கள் பின்னால் காய்கறி நறுக்கப் போவார்கள், பந்தியில் பரிமாற மாட்டார்கள். மாஸ்டர் முறைத்தார். தினமும் காலையில் தும்முவது அவர்தான். அடுப்படியில் யாரோடும் பேசாமல் இருக்கிறவர் என்பதால் அவரை அப்படியே விட்டுவிட்டேன்.

பார்சலுக்குத் தெருப் பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டேன். லாட்ஜ் சார், உங்களுக்கு அது. உள்ளே வர வேண்டாம், கேரியரை வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், பையன் கொண்டு வந்து வைப்பான்.

லாட்ஜில் இருக்கும் அப்பா
11 ஜனவரி 2022, காலை 7.15

எந்தத் தெரு என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். ரசம் காரம் குறைவாக இருந்தால் நல்லது.

காட்பாடி பாசஞ்சர்
11 ஜனவரி 2022, காலை 9.00

எல்லாம் சரி சிஸ்டர். 13-ந் தேதி போகி. பழைய பாய், கிழிந்த துணி, சொன்னாலும் கேட்காமல் டயர் என்று விடிகாலையிலேயே கொளுத்துவார்கள். அன்றைக்கு மெஸ்ஸில் எட்டுப் பேருக்கும் புதிதாகத் தொண்டை கரகரக்கும். எட்டுப் பேரையும் அனுப்புவாரா?

வார்டு சிஸ்டர்
11 ஜனவரி 2022, பகல் 1.40

நல்ல கேள்விதான் அண்ணா. புகை என்றால் கண்ணும் எரியும், தெருவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும், காற்றில் நின்று தண்ணீர் குடித்தால் மதியத்துக்குள் குறைந்துவிடும். உடம்பு வலி வராது. அன்று மட்டும் மாஸ்க்கோடு வேலை செய்யட்டும், பரிமாறுவதைக் குறைத்துப் பார்சலைக் கூட்டுங்கள். மறுநாள் காலையிலும் தொண்டை வலித்தால் புகைக் கணக்கு செல்லாது.

மெஸ்காரர்
11 ஜனவரி 2022, பகல் 2.05

மறுநாள் பொங்கல், எப்படியும் மெஸ் லீவு. 15-ந் தேதி காலையில் வாசலில் கேட்டுக்கொள்கிறேன்.